சொன்னேன் பாருங்க

"எனக்கு லைவ்ல ரெண்டு நிமிஷம் வேணும் சார். போன மேட்ச்ல நான் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கணும்."

புரொட்யூசர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உறிஞ்சியதை விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் பேப்பரை மடித்தார். அவர் வயதால் மட்டும் பெரியவர் ஆனவர் அல்ல, ரேடியோ காலத்திலிருந்து விளையாட்டு வர்ணனை சொல்கிறவர். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று ஓரமாகக் கூப்பிட்டு, "தண்ணி கேளு, ஃபேன் கேளு, லீவு கேளு. சொன்னதைத் திருப்பி வாங்கிக்கிறேன்னு மட்டும் என்னிக்கும் கேட்டுடாத. ஒரு தடவை வாங்கிட்டியோ, அப்புறம் நீ கோல்னு தொண்டை கிழியக் கத்தினாலும் ஜனங்க ரீப்ளே வரட்டும்னு உட்கார்ந்திருப்பாங்க" என்று சொன்னவர். இப்போது அவளைப் பார்க்காமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

"நீங்க சொன்னது தப்பாம்மா?" என்றார் புரொட்யூசர்.

"இல்ல."

"அப்ப சரியா?"

"சரிதான்."

"சரியா சொன்னதை எதுக்குத் திருப்பி வாங்கணும்? கடைல எடுத்த சட்டையா இது, அளவு பத்தலன்னு திருப்பிக் குடுக்க?"

"அவ என் தங்கச்சி சார்."

"அது ஊருக்கே தெரியுமே. அதனாலதான் நீங்க பேசின அந்த வீடியோ அந்த ஓட்டம் ஓடுது." மேசைமேல் கிடந்த போனை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் குனிந்து பார்க்கவில்லை. "சரி, யோசிக்கிறேன். நீங்களும் யோசிங்க. முதல்ல முகத்தைக் கழுவிட்டு வாங்க. பைனலுக்கு விளம்பரம் பேசணும்."

நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். பெண்கள் ஹேண்ட்பால் அரையிறுதி. இளையவள் கீழே கோல்கீப்பர். மூத்தவள் மேலே கண்ணாடிப் பெட்டியில் மைக்கோடு. வெளியே மழை, அரங்கத்தில் பாதி நாற்காலி காலி, ஆட்டமும் இழுத்துக்கொண்டு போனது. வர்ணனை சொல்கிறவர்களின் காதில் ஒரு குமிழ் இருக்கும். நாம் கேட்பது அவர்கள் பேச்சு. அவர்கள் கேட்பது புரொட்யூசரின் பேச்சு. "டல்லடிக்குதும்மா" என்றது குமிழ். "உள் விஷயமா ஏதாவது எடுத்து விடுங்க. வெளி ஆளுக்குத் தெரியாதது."

அவள் எடுத்து விட்டாள்.

"இந்தக் கீப்பரோட வலது காலைக் கவனிங்க. அதை வீசறதுக்கு முன்னாடி ஒரு நொடி தயங்கறாங்க. அந்த முட்டியை அவங்க நம்பறதில்ல. வலது பக்கம் தாழ்வா போட்டா, கால் வந்து சேர்றதுக்குள்ள பந்து வலைக்குள்ள போயிடும்."

எதிரணி பெஞ்சில் உதவிப் பயிற்சியாளர் மடியில் போனை வைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டி, அதே ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிச் செய்வது வழக்கம்தான். மூத்தவளும் ஆடிய காலத்தில் அந்த வேலையைச் செய்திருக்கிறாள். எதிராளியைப் பற்றி வர்ணனையாளன் என்ன உளறுகிறான் என்று கேட்கத்தான் பெஞ்சில் ஓர் ஆளைப் போடுவார்கள். மைக் கைக்கு வந்ததும் அது மறந்துபோனது. அந்த உதவிப் பயிற்சியாளர் எழுந்து தலைமைப் பயிற்சியாளரின் காதில் ஏதோ சொன்னார். டைம் அவுட் கேட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பந்தெல்லாம் வலது பக்கம், தாழ்வாக, ஒரே இடத்தில்.

தங்கையின் கோச் அவளை வெளியே இழுத்து உட்காரவைத்தபோது ஆட்டமும், அதோடு பைனலும் கையைவிட்டுப் போயிருந்தன. "கால்ல என்ன?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சார். அக்கா டிவிக்காக ஏதோ பேசறா" என்றாள் அவள். கோச் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்துக்கான அணியை பைனல் முடிந்ததும் அறிவிப்பதாக இருந்தது. அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பதற்காகத்தான் இளையவள் அந்த முட்டியை இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தாள்.

ஒளிக்கச் சொல்லிக்கொடுத்தவள் மூத்தவள். கீப்பர்கள் முழு நீளக் கால்சட்டை போடுவார்கள், அதற்குள்ளே டேப் சுற்றினால் வெளியே தெரியாது. ஐஸ் வைப்பதைக் குளியலறையில் வைத்துக்கொள்ள வேண்டும். சூடேற்றும் பயிற்சியின்போது சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், முகத்தில் வலி தெரியாது. எல்லாம் அக்காவின் பாடம். அழுதுகொண்டு வந்து நின்ற தங்கையைக் குளியலறை ஸ்டூலில் உட்காரவைத்து, டேப்பைப் பல்லால் கிழித்து, அவளே முதல் சுற்றைச் சுற்றிவிட்டாள்.

செய்தித்தாள்கள் மூத்தவளைப் பன்முக வீராங்கனை என்று எழுதின. தடை ஓட்டம், வாலிபால், ஹேண்ட்பால் என்று மூன்றிலும் தேசிய ஜெர்சி போட்டவள். விளையாட்டு விடுதிப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்பேர். வண்டிக்குப் பின்னால் தொங்கும் டயருக்கு என்ன பெயரோ அதே பெயர். திறமை பொங்கி வழிந்ததால் ஒன்றும் அவள் மூன்று ஆட்டம் ஆடவில்லை. வீட்டில் முட்டை இல்லை, விடுதியில் முட்டை இருந்தது. எந்த ஆட்டத்தில் இடம் காலியோ அந்த ஆட்டத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டால்தான் விடுதியில் சாப்பாடு.

இடம் காலியானதைச் சொல்கிறவள் அம்மா. அந்த விடுதியின் சலவைக்கூடத்தில் அம்மாவுக்கு வேலை. அழுக்கு மூட்டைகள் ஆட்டவாரியாக வரும். வாலிபால் மூட்டை இளைத்துப்போய் வந்தால் அணியில் யாரோ அடிபட்டுக் கிடக்கிறாள் அல்லது கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று அர்த்தம். அறிவிப்புப் பலகையில் வருவதற்குள் அம்மா ஈரக்கையோடு ஓடிவருவாள். "வாலிபால்ல ஆள் குறையுது. போய் கோச் கண்ணுல படற மாதிரி நில்லு." அவள் போய் நிற்பாள். நின்ற இடமெல்லாம் கற்றுக்கொண்டாள். தடைகளைத் தாண்டிய கால் வலைக்கு மேலே எகிற உதவியது. வலைக்கு மேலே நீண்ட கை கோலை அடைக்க உதவியது. கடைசியில் வலது முட்டி போனது. அதை ஒரு சீசன் முழுக்க டேப்புக்குள் மறைத்து ஆடினாள். பிறகு மறைக்க எதுவும் மிச்சமில்லை.

மைக்குக்கும் அப்படித்தான் வந்தாள். அரங்கத்தில் ஒலிபெருக்கியில் வீராங்கனைகளின் பெயர் படிக்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இவள் படித்தாள். டிவியில் வர்ணனை சொல்கிறவர் வராத ஒருநாள் இவளைக் கூப்பிட்டார்கள். பேச்சில் மண்வாசனை இருக்கிறது என்று பாராட்டினார்கள். அவள் பிறந்த தெருவில் மண்ணே கிடையாது, முழுக்க சிமென்ட். ஆனாலும் அந்தப் பாராட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. ஆட்டம் ஆடிய காலத்தில் யாரும் அவளிடம், 'உனக்கு என்ன தெரியும், சொல்லு' என்று கேட்டதில்லை. 'அங்கே போய் நில்லு' என்றுதான் சொன்னார்கள். மைக்தான் முதன்முதலாகக் கேட்டது. கேட்டவுடன் தன்னிடம் இருந்ததை எல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டாள், தங்கையின் முட்டி உட்பட.

புரொட்யூசரிடம் கேட்ட அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மழை விட்டபாடில்லை. சலவைக்கூட ஊழியர்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகளில் கடைசி வீடு. தாழ்வாரம் முழுக்கக் கொடி கட்டி ஈரத்துணி தொங்கியது. அதைத் தலையால் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். டயர் பட்டறையில் காற்று மெஷின் பக்கத்திலேயே வாழ்க்கையைக் கழித்ததில் ஒரு காது போய்விட்டது. அதனால் அவர் டிவி பார்த்தால் தெருவே பார்த்த மாதிரி. அடுப்பில் எலும்பு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. முட்டிக்கு நல்லது என்று அம்மா தினமும் வைக்கிறாள். முட்டியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

இளையவள் கட்டிலில் காலை நீட்டி, பிளாஸ்டிக் பையில் ஐஸை வைத்துக் கட்டியிருந்தாள். இப்போது குளியலறைக்குள் போய் ஒளிய வேண்டிய அவசியமில்லை.

"கேட்டியா?"

"கேட்டேன். யோசிக்கிறாராம்."

"யோசிக்க என்ன இருக்கு இதுல? நீ அன்னிக்கு யோசிச்சா பேசின?"

"விடும்மா" என்றார் அப்பா. "அது அவ வேலை. டயர்ல ஓட்டை இருந்தா இருக்குன்னுதான சொல்லணும்?"

"நீ பேசாதப்பா. நீதான் சவுண்டை ஏத்தி வச்சு இந்த லைன் வீட்டுக்கே கேக்க வச்ச. முக்கு வீட்டுக்காரி காலைல வந்து வலது முட்டியா இடது முட்டியான்னு கேக்கறா, ஏதோ குழந்தை ஆணா பொண்ணான்னு கேக்கற மாதிரி."

"என் காதுக்குக் கேக்கணும்ல."

"கேட்டுச்சுல்ல? சந்தோஷமா?"

அப்பா ரிமோட்டைக் கையில் உருட்டினார். மூத்தவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, "ஐஸ் கரைஞ்சிடுச்சு, மாத்தட்டுமா?" என்றாள்.

"தொடாத."

கையை எடுத்துக்கொண்டாள்.

"நீ சொன்னதைக்கூட நான் விட்டுடுவேன் அக்கா" என்றாள் இளையவள். குரல் இறங்கியிருந்தது. "அந்தாளு காதுல ஊதினான், நீ வாயைத் திறந்துட்ட. சரி. அதுக்கப்புறம் கோல் விழுந்தப்போ உன் குரல் எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? கேட்டிருக்கியா?"

"இல்ல."

"போடட்டுமா?"

"வேண்டாம்டி."

இளையவள் போனை எடுத்துப் போட்டாள். அரங்கத்தின் இரைச்சல், பந்து தரையில் பட்டு எழும் சத்தம், பிறகு மூத்தவளின் குரல்: "சொன்னேன் பாருங்க! அதே இடம்! சொன்னேன் பாருங்க!" அடுத்த கோலுக்கும் அதே. முடிவில் ஒரு சிரிப்பு. பொய்ச் சிரிப்பு இல்லை. பரீட்சையில் தனக்கு மட்டும் விடை தெரிந்த பிள்ளை சிரிக்கிற சிரிப்பு.

சூப் பொங்கி அடுப்பில் வழிந்து சீறியது. அம்மா உள்ளே இருந்தும் அணைக்க வரவில்லை. அப்பா டிவியை நிறுத்தினார்.

மூத்தவள் இதைத்தான் இத்தனை நாளாகக் கேட்காமல் தப்பித்துக்கொண்டிருந்தாள். சொன்னதற்கு நூறு சமாதானம் சொல்லலாம். குமிழ், மழை, தூங்கி வழிந்த ஆட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். அந்தச் சிரிப்புக்கு ஒரு சமாதானமும் கிடையாது. கீழே தங்கை ஒவ்வொரு பந்தாக விட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அது உண்மை. தான் சரி என்ற சந்தோஷம்.

"நீ என்ன கேட்டாலும் செய்யறேன்" என்றாள்.

"சொன்னேனே. அதே மைக்ல, அதே வாயால. தங்கச்சி முட்டி நல்லா இருக்கு, நான்தான் ஆர்வக் கோளாறுல உளறிட்டேன்னு சொல்லு. கோச் கேக்கணும். அவர் நீ சொன்னதாலதான் சந்தேகப்படறார். நீயே இல்லன்னுட்டா விட்டுடுவார். என்னை ஸ்கேனுக்கு அனுப்பாம லிஸ்ட்ல போட்டுடுவார்."

"ஸ்கேன்ல என்ன வரும்னு உனக்குத் தெரியும்ல?"

"உனக்குத் தெரியும். நீதான அதுல டாக்டர் பட்டம் வாங்கினவ."

மறுநாள் விடியற்காலை அம்மாவுக்கு உதவ சலவைக்கூடத்துக்குப் போனாள். டிவியில் வரத் தொடங்கியபின் அவள் அங்கே போவது குறைந்துவிட்டது. சோடா உப்பின் நெடி, சுடுநீர் ஆவி, துணி காயவைக்கும் மெஷின்களின் உறுமல். மழைக்காலத்தில் எல்லாத் துணியும் மெஷினில்தான் காய வேண்டும். சீக்கிரமே அறை கொதிக்கத் தொடங்கிவிடும். வேலை செய்கிற பெண்கள் அவளைப் பார்த்து, "ஐயோ, டிவி வந்திருக்கு, வாயைத் திறக்காதீங்கடி, எல்லாத்தையும் சொல்லிடும்" என்று சிரித்தார்கள். வேடிக்கைக்குத்தான் சொன்னார்கள். அவள் சிரிக்க முயன்றாள்.

அம்மா ஹேண்ட்பால் மூட்டையைப் பிரித்துப் போட்டிருந்தாள். பந்து கையில் ஒட்டுவதற்காக அந்த ஆட்டக்காரர்கள் பிசின் தடவுவார்கள். அது சட்டையெல்லாம் அப்பிக்கொண்டு வரும், சோப்புக்கு அசையாது. முதலில் எண்ணெய் வைத்து இளக்க வேண்டும், பிறகு அந்த எண்ணெயைப் போக்க வேண்டும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தொட்டியில் தேய்த்தார்கள். மூத்தவளால் வலது காலை மடக்க முடியாது. நீட்டியபடியே பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் தெரியும்டி" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

"என்ன?"

"அவ கால். ரெண்டு மாசமா அவ பேன்ட்ல வலது பக்கம் அழுக்கே வர்றதில்ல. அந்தப் பக்கம் விழறதே இல்ல அவ. தோய்க்கறவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்லணும்? உன்கிட்டயா? நீதான் டேப் சுத்திவிட்டவ." அம்மா சட்டையை உதறினாள், தண்ணீர் இருவர் முகத்திலும் தெறித்தது. "இவ்வளவு பேருக்குத் தெரிஞ்சும் எல்லாரும் வாயை மூடிட்டுத்தான் இருந்தோம். நீ ஒருத்திதான் திறந்த. திறந்த வாயாலயே மூடிடு. ரெண்டு நிமிஷம். அவளுக்காக ஒரு பொய் சொன்னா உனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

"அவ கால் போயிடும்மா."

"நீ ஓட்டத்தை விட்ட, நான் ஏன்னு கேட்டேனா? வாலிபாலை விட்ட, கேட்டேனா? உனக்கு எங்க தள்ளிவிட்டாலும் நிக்கத் தெரிஞ்சுது. அவளுக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

"அந்த ஒண்ணுக்கும் முட்டி வேணும்ல?"

"உன் முட்டி போச்சு. நீ என்ன தெருவுலயா நிக்கற? டிவியில உட்கார்ந்திருக்க. முக்கு வீட்டுக்காரி பொண்ணு உன்னை மாதிரி ஆகணும்னு அலையுது. போனா என்னடி? உனக்குப் போய்த்தான இவ்வளவும் வந்துச்சு?"

மூத்தவளின் கை தொட்டிக்குள் நின்றுவிட்டது. அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. தங்கையும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பாள். மறைத்தாள், ஆடினாள், முட்டி போனது, பெரிய ஆளாகிவிட்டாள் என்று. சோபா விளம்பரத்தில் வரும் அவள் படத்தைப் பார்க்கிறவர்கள், அவள் கழிப்பறையில் உட்கார்ந்து எழுவதற்குக் குழாயைப் பிடித்துத் தொங்குவதைப் பார்ப்பதில்லை. மூன்று ஆட்டம், ஒரு மைக் என்று அவள் வாழ்ந்து காட்டியதே தங்கைக்குத் தவறான பாடமாகிவிட்டது. டேப் சுற்றியதைவிட, மைக்கில் பேசியதைவிட, அதுதான் பெரிய குற்றம் என்று அந்த ஆவியில் அவளுக்குத் தோன்றியது. அதை யாரிடம் போய்த் திருப்பி வாங்கிக்கொள்வது?

அப்போதுதான் புரொட்யூசரின் போன் வந்தது. சோப்புக் கையோடு எடுத்தாள்.

"நல்லா யோசிச்சேன்மா. ரெண்டு நிமிஷம் என்ன, எட்டு நிமிஷம் தர்றேன். பைனல்ல பாதி ஆட்டம் முடிஞ்சதும் பிரேக். தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல. நீங்க மன்னிப்புக் கேளுங்க, அவங்க கட்டிப்பிடிக்கட்டும். கண்ணுல தண்ணி வந்தா துடைக்காதீங்க, லைட்டுக்கு நல்லா இருக்கும்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது இளையவள் கட்டிலிலிருந்து குதித்து இறங்கினாள். இடது காலில் இறங்கினாள். வலது கால் மெதுவாக, அனுமதி கேட்டுக்கொண்டு வருவதுபோல, பிறகு வந்து தரையைத் தொட்டது. அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாதவள் அன்று முழுக்கப் பேசினாள். எந்தச் சட்டை, எந்தச் செருப்பு, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் முகம் நன்றாக வரும். அக்காவுக்கு சூப்பை அவளே ஊற்றிக்கொடுத்தாள். அப்பா டிவியை மறுபடி போட்டுச் சத்தத்தைக் கூட்டினார். எல்லோரும் சந்தோஷமாக இருந்த அந்த வீட்டில் மூத்தவளுக்கு ஒரு வாய் சூப்பும் இறங்கவில்லை.

பைனல் அன்று காலையில் அவள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, ஈரத்துணிகளுக்கு நடுவே தாழ்வாரத்தில் நின்று யாரிடமோ போனில் பேசினாள். வெகுநேரம் பேசவில்லை.

அரங்கத்தில் வர்ணனைப் பெட்டிக்குக் கீழே ஒரு சின்ன அறை. கண்ணாடி, சுற்றிலும் பல்பு, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. முதல் பாதி முடியப்போகிற சமயம் இளையவளை அங்கே உட்காரவைத்து முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தார்கள். அணியின் டிராக் சூட்டை அம்மா இரண்டு தடவை தேய்த்துக் கொடுத்திருந்தாள். முதல் பாதி வர்ணனையைப் பெரியவரிடம் விட்டுவிட்டு மூத்தவள் கீழே இறங்கி வந்து கதவைச் சாத்தினாள்.

"எப்படி இருக்கேன்?" என்றாள் இளையவள்.

"நல்லா இருக்க. எழுந்து நில்லு."

நின்றாள்.

"உட்கார்ந்து எந்திரி. முழுசா, குதிகால்ல உட்கார்ற மாதிரி."

"இப்ப எதுக்கு? பவுடர் கலைஞ்சிடும்."

"ஒரே தடவை."

இளையவள் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள்.

"கையை எடுத்துட்டு."

கையை எடுத்தாள். எழ முடியவில்லை. இடுப்பு ஒரு பக்கமாகத் தூக்கி, மறுபடி கீழே விழுந்தது. பல்பு வெளிச்சத்தில் பவுடரை மீறி நெற்றியில் வேர்வை பூத்தது. மூத்தவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"போதுமா? என்னைச் சோதிச்சாச்சா?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "மேல போய் ஒழுங்கா சொல்லுவ இல்ல?"

"காலைல உன் கோச்சுக்குப் போன் பண்ணிட்டேன்."

"எதுக்கு?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். எத்தனை நாளா வலி, எப்படி மறைச்ச, யார் சொல்லிக்குடுத்தா, எல்லாம். நாளைக்கு ஸ்கேன். இந்தத் தடவை லிஸ்ட்ல உன் பேர் வராது. ஆபரேஷன் பண்ணினா அடுத்த வருஷம் ஆடலாம்னு சொன்னார். ஆடலாம்னுதான் சொன்னார், ஆடுவன்னு சொல்லல. அதையும் மறைக்காம உன்கிட்ட சொல்லிடறேன்."

இளையவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. கண்ணாடியில் அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முதல் தடவை ஊருக்கே சொன்ன. அது போதலையா உனக்கு?"

"உன் காலுக்காக..."

"என் காலுக்காகன்னு சொல்லாத. நீ சொன்னதுதான் சரின்னு நிரூபிக்கணும். ஸ்கேன்ல வரணும். அப்பவும் நீ உள்ளுக்குள்ள சொல்லிப்ப, சொன்னேன் பாருங்கன்னு."

இல்லை என்று சொல்ல மூத்தவள் வாயைத் திறந்தாள். அந்தச் சிரிப்பைத் தன் காதால் கேட்டவள் அவள். உள்ளே எங்காவது ஒரு மூலையில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. தெரியாததை இல்லை என்று சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டாள்.

"போ" என்றாள் இளையவள். "இனிமே எனக்கு அக்காவும் வேண்டாம் ஸ்பேரும் வேண்டாம்."

கதவைத் தட்டிவிட்டு புரொட்யூசர் உள்ளே வந்தார், கையில் இரண்டு காதுக் குமிழ்கள். "வாங்க, வாங்க. விசில் அடிக்கப் போறாங்க." இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

"நான் திருப்பி வாங்கிக்கப் போறதில்ல சார். அவ கால் சரியில்ல. கோச்கிட்ட சொல்லிட்டேன்."

அவர் ஒரு கணம் திகைத்தார். ஒரு கணம்தான். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது.

"நீங்களேவா சொன்னீங்க? தங்கச்சிக்குத் தெரியாம?" குமிழை அவள் பக்கம் நீட்டினார். "அப்ப அதையே சொல்லுங்கம்மா! மன்னிப்பை விட இது எங்கயோ போயிடும். அவங்க அழற மூடுலதான் இருக்காங்க, இப்படியே ரெண்டு பேரும் மேல வந்துடுங்க."

இளையவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அடுத்து எங்கே அடி விழும் என்று காத்திருக்கிற ஒரு கீப்பரின் பார்வை அது. மூத்தவள் குமிழை வாங்கி மேசைமேல் வைத்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள்.

"நான் வரல. இவளையும் மேல கூப்பிடாதீங்க. கூப்பிட்டீங்கன்னா இவ கோச் வாசல்ல நிக்கறார், அவர் வந்து பேசுவார்."

"நேரலைம்மா. எட்டு நிமிஷத்துக்கு நான் எதைக் காட்டறது?"

"பெரியவரைப் பேசச் சொல்லுங்க."

"இப்படி நட்டாத்துல விட்டுட்டுப் போனா மறுபடி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. நான் மட்டும் இல்ல, எந்தச் சேனலும் சேர்க்காது. தெரியுதா?"

"தெரியுது. நேத்து ராத்திரியே தெரியும்."

தங்கையிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நின்றாள். மன்னித்துக்கொள் என்று சொல்லலாம். அதைச் சொன்னால் தன் பாரம் கொஞ்சம் இறங்கும், தங்கைக்கு ஒன்றும் இறங்காது. "அப்பா வெளியில வண்டியோட இருக்கார். தனியா படி இறங்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள். விசில் அடித்தது. மேலே கூட்டம் ஓவென்று கத்தியது, யார் கோல் போட்டார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளிவாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். டிவியில் வரும் முகத்தை அடையாளம் தெரிந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"மேடம், உள்ள மேட்ச் போயிட்டிருக்கு. நீங்க வெளிய வர்றீங்க?"

"ஆமா."

"உங்க அட்டை எங்க? அட்டை இல்லாம வெளிய போயிட்டா அப்புறம் உள்ள விட மாட்டோம் மேடம். நீங்கன்னு இல்ல, யாரா இருந்தாலும்."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் மழையில் இறங்கி நடந்தாள்.